அறிவியல் கேள்வி பதில்: சூரியனின் காற்று எங்கே ஓய்கிறது?

1977இல் அமெரிக்கா அனுப்பிய வாயேஜர் 1, வாயேஜர் 2 என்ற ஆளில்லா விண்கலங்கள் சூரியக் காற்றின் எல்லையைக் கடந்ததைப் பற்றிச் சென்ற மாத இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்குச் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்கள் என் மேசையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. இதே ஊரில் தமிழ்ப்பள்ளியில் படித்து, இதே வட்டாரத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே இக்கடிதங்களில் பாதிக் கையெழுத்து எனக்குத் தெரிந்த கையெழுத்து. இந்த மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவில் எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். கல் புதருக்குள் மறைந்துவிட்டாலும் செம்பனை மரத்தின் வயதைப் பார்த்தே எது எங்கள் பக்கம், எது அவர்கள் பக்கம் என்று சொல்லிவிடுவேன். ஒன்றுமே இல்லாத விண்வெளியில் எதை வைத்து இதுதான் எல்லை என்கிறார்கள்?
(ஓய்வு பெற்ற மண்டோர் ஒருவர்)

பதில்: கேள்விக்குள்ளேயே பாதி விடையைச் சொல்லிவிட்டீர்கள். விண்வெளியில் கல் இல்லை. ஆனால் நீங்கள் மரத்தின் வயதைப் பார்ப்பதுபோல, இந்தப் பக்கம் இருப்பது எது, அந்தப் பக்கம் இருப்பது எது என்று பார்க்க முடியும். ஏனென்றால் விண்வெளி ஒன்றுமே இல்லாத இடம் அன்று.

சூரியன் ஒளியோடு சேர்த்து, மின்னேற்றம் பெற்ற துகள்களையும் எல்லாத் திசைகளிலும் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கிறது. இதற்குச் சூரியக் காற்று என்று பெயர். இப்படியொரு காற்று வீசியாக வேண்டும் என்று 1958ஆம் ஆண்டில் யூஜின் பார்க்கர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கணக்கிட்டுச் சொன்னபோது அதை ஏற்க மறுத்தவர்கள் பலர்; சில ஆண்டுகளுக்குள் விண்கலங்கள் அக்காற்றை நேரடியாக அளந்துவிட்டன. பூமிக்கு அருகில் ஒரு கன சென்டிமீட்டரில், அதாவது ஒரு சர்க்கரைக் கட்டி அளவுள்ள இடத்தில், ஏறக்குறைய ஐந்து புரோட்டான்கள்தாம் இருக்கும். ஆனால் அவை விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன.

விண்மீன்களுக்கு இடையிலுள்ள வெளியிலும் மெல்லிய வாயு இருக்கிறது. அதில் ஒரு பகுதி நெடுங்காலத்துக்கு முன் வெடித்துச் சிதறிய விண்மீன்களிலிருந்து வந்தது. அதற்கும் ஓர் அழுத்தம் உண்டு. அதற்குள்ளும் ஒரு காந்தப்புலம் உண்டு. சூரியக் காற்று தொலைவு செல்லச் செல்ல நீர்த்துப்போய், ஓரிடத்துக்கு மேல் அந்த வெளி வாயுவைத் தள்ள முடியாமல் நின்றுவிடுகிறது. அந்த இடத்தை ஹீலியோபாஸ் என்கிறார்கள். அதற்குள் அடங்கியது ஹீலியோஸ்பியர் என்ற பெருங்குமிழி. பூமி முதலிய கோள்கள் எல்லாம் அக்குமிழிக்குள்தான் சுற்றுகின்றன.

இதன் உள்ளமைப்பை உங்கள் வீட்டுக் குழாயடியிலேயே பார்க்கலாம். விளிம்பு உயரம் இல்லாத சில்வர் தட்டு ஒன்றை எடுத்து, அதன் நடுவில் தண்ணீர் விழும்படி குழாயை மெல்லத் திறந்து விடுங்கள். தண்ணீர் விழுகிற இடத்தைச் சுற்றி, கண்ணாடிபோல் மெல்லிய ஒரு வட்டம் வேகமாகப் பரவுவதைக் காண்பீர்கள். சிறிது தூரத்தில் அந்த மெல்லிய நீர் திடீரென்று தடித்து, ஒரு வளையமாக எழும்பி, அதற்கப்பால் மெதுவாகவும் கலங்கலாகவும் நகரும். விரலை வளையத்துக்கு உள்ளே வைத்தால் தண்ணீர் சீறும். வெளியே வைத்தால் சோம்பலாக விரலைச் சுற்றிக்கொண்டு போகும். சூரியக் காற்றும் இப்படித்தான் தன் மீஒலி வேகத்தை ஓர் இடத்தில் சட்டென்று இழக்கிறது. அந்த வளையத்துக்கு முடிவு அதிர்ச்சி என்று பெயர். அதற்கும் ஹீலியோபாஸுக்கும் இடைப்பட்டது, வேகம் குறைந்து சூடேறிய காற்று குழம்பிக் கிடக்கும் பகுதி.

குழாயைச் சற்று மூடினால் வளையம் சுருங்கும், திறந்தால் விரியும். சூரியனின் செயற்பாடு ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவதால் அங்கும் இதே கதைதான். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரமான 150 மில்லியன் கிலோமீட்டரை ஓர் அலகாக வைத்தால், வாயேஜர் 1 இந்த அதிர்ச்சியை 2004 டிசம்பரில் 94 அலகு தொலைவில் கடந்தது. வாயேஜர் 2 அதை 2007 ஆகஸ்டில் 84 அலகு தொலைவிலேயே சந்தித்துவிட்டது. அதுவும் ஒருமுறை அன்று. வளையம் முன்னும் பின்னும் அசைந்ததால், சில நாட்களுக்குள் அந்தக் கலம் அதைப் பலமுறை கடக்க நேர்ந்தது. உங்கள் எல்லைக்கல் ஒரே இடத்தில் நிற்கும், ஐயா. இந்த எல்லை மூச்சு விடும்.

கேள்வி: வாயேஜர் 1 எல்லையைக் கடந்தது 2012ஆம் ஆண்டு என்று ஒரு நூலிலும், 2013ஆம் ஆண்டு என்று இன்னொன்றிலும் படித்தேன். எது சரி?
(படிவம் நான்கு மாணவி)

பதில்: கடந்தது 2012ஆம் ஆண்டில், கடந்துவிட்டது என்று உறுதியானது 2013ஆம் ஆண்டில். இடைப்பட்ட அந்த ஓராண்டுதான் இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அறிவியலாளர்கள் மூன்று அடையாளங்களை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். முதலாவது, சூரியனிடமிருந்து வரும் துகள்கள் குறைந்து, வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள், அதாவது ஆற்றல் மிகுந்த துகள்கள், கூட வேண்டும். இரண்டாவது, காந்தப்புலத்தின் திசை மாற வேண்டும். ஏனென்றால் குமிழிக்குள் இருப்பது சூரியன் சுழன்று முறுக்கிய புலம், வெளியே இருப்பது பால்வீதியின் புலம். மூன்றாவது, சுற்றியுள்ள பிளாஸ்மா, அதாவது மின்னேற்றத் துகள்களால் ஆன வாயு, அடர்த்தியாக வேண்டும்.

2012 ஆகஸ்டு 25ஆம் தேதி முதல் அடையாளம் ஐயமின்றிக் கிடைத்தது. சூரியக் குமிழியின் துகள்கள் ஏறக்குறைய முற்றாக மறைந்தன, அண்டக் கதிர்கள் ஏறின. ஆனால் இரண்டாவது அடையாளம் கிடைக்கவில்லை. காந்தப்புலம் வலுவடைந்ததே தவிர, அதன் திசை எதிர்பார்த்தபடி மாறவில்லை. மூன்றாவதை நேரடியாக அளக்க வேண்டிய கருவியோ 1980ஆம் ஆண்டிலேயே பழுதாகிவிட்டது. சூரியனிலிருந்து 121 அலகு தொலைவில், கண்ணில்லாதவர் ஒருவர் வீட்டின் உள்ளே நிற்கிறாரா, வாசலைத் தாண்டிவிட்டாரா என்று கேட்பதுபோல இருந்தது நிலைமை. பயணத் திட்டத்தின் தலைமை அறிவியலாளராக 1972ஆம் ஆண்டு முதல் இருந்துவந்த எட் ஸ்டோன், கையில் இருக்கும் சான்று போதாது என்று கருதி அறிவிப்பை நிறுத்தியே வைத்திருந்தார். உலகச் செய்தியாளர்கள் எல்லாரும் காத்திருக்கும்போது, இன்னும் தெரியவில்லை என்று மாதக்கணக்கில் சொல்வதற்குத் தனி மனவுறுதி வேண்டும்.

விடையைக் கொண்டுவந்தது சூரியனே. 2012 மார்ச்சில் சூரியனில் நிகழ்ந்த பெரும் வெடிப்பு ஒன்றின் அதிர்வு, 13 மாதங்கள் பயணம் செய்து 2013 ஏப்ரலில் வாயேஜரை அடைந்தது. அந்த அதிர்வு பட்டதும் கலத்தைச் சுற்றியிருந்த எலெக்ட்ரான்கள், மீட்டிய கம்பிபோல அதிரத் தொடங்கின. கலத்திலிருந்து வி வடிவில் நீண்டிருக்கும் 10 மீட்டர் நீளமுள்ள இரண்டு அலைவாங்கிகள் அந்த அதிர்வைப் பிடித்தன. எலெக்ட்ரான்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ அவ்வளவுக்கு அதிர்வின் சுருதி உயரும். ஆகவே சுருதியைக் கேட்டாலே அடர்த்தியைக் கணக்கிட்டுவிடலாம். டொனால்ட் கர்னட் தலைமையிலான அயோவா பல்கலைக்கழகக் குழுவினர் கண்ட சுருதி விநாடிக்கு ஏறக்குறைய 2,600 அதிர்வுகள். ஒலியாக மாற்றினால் நம் காதாலேயே கேட்கலாம், ஒரு மெல்லிய சீழ்க்கைபோல இருக்கும். அதன்படி கன சென்டிமீட்டருக்கு 0.08 எலெக்ட்ரான் என்று வந்தது. சொல்லப்போனால் இது வெறுமைதான். ஆனால் குமிழியின் வெளியோரத்துக்கு உள்ளே இருந்ததைப்போல் ஏறக்குறைய 40 மடங்கு! பழைய பதிவுகளைத் தேடியபோது, 2012 அக்டோபர், நவம்பர் மாதங்களில் இதைவிடச் சற்றுத் தாழ்ந்த சுருதியில் இன்னோர் அதிர்வும் கிடைத்தது. இரண்டையும் இணைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் அது 2012 ஆகஸ்டில் போய் நின்றது. 2013 செப்டம்பரில்தான் முடிவை வெளியிட்டார்கள்.

வாயேஜர் 2இல் அந்தக் கருவி பழுதாகாமல் இருந்தது. அது 2018 நவம்பர் 5ஆம் தேதி, 119 அலகு தொலைவில் எல்லையைக் கடந்தபோது சூரியக் காற்று நின்றுபோனதை நேராகவே அளந்தது, சந்தேகத்துக்கே இடமில்லை. அங்கேயும் காந்தப்புலத்தின் திசை பெரிதாக மாறவில்லை என்பது வியப்பு. ஒரு கலத்தில் மட்டும் அப்படியென்றால் தற்செயல் எனலாம். இரண்டிலும் அப்படியென்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அக்காரணத்தைப் பற்றி அறிவியலாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. தேர்வுக்கு 2012 என்று எழுதுங்கள். மேலே சொன்னதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அந்த எல்லையில் முப்பதாயிரம் டிகிரி, ஐம்பதாயிரம் டிகிரிச் சூடு என்று கேள்விப்பட்டேன். என் கடையில் எண்ணெய் இருநூறு டிகிரிக்குப் போனாலே கை வெந்துவிடும். கலம் எப்படி உருகாமல் போனது?
(தோட்ட முச்சந்தியில் பலகாரக் கடை நடத்தும் அம்மா ஒருவர்)

பதில்: எண் சரிதான், அம்மா. வாயேஜர் 2 அளந்தது அந்த அளவுதான். ஆனால் வெப்பநிலை என்பது ஒவ்வொரு துகளும் எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்பதைச் சொல்கிறது. சுடுவது என்பதோ எத்தனை துகள்கள் வந்து மோதுகின்றன என்பதையும் பொறுத்தது. உங்கள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து ஒரு பொட்டு தெறித்துக் கையில் பட்டால் சுருக்கென்று தைக்கும், அவ்வளவுதான். அதே சூடுள்ள எண்ணெய் ஒரு கரண்டி கவிழ்ந்தால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அந்த எல்லையில் எண்ணெய்ப் பொட்டை விடக் கோடானுகோடி மடங்கு குறைவாகவே துகள்கள் இருக்கின்றன. உண்மையில் கலத்துக்கு அங்கே ஆபத்து குளிர்தான். எரிபொருள் குழாய்கள் உறைந்துவிடாமல் காப்பதே பொறியாளர்களின் கவலை.

கேள்வி: 1977இல் அனுப்பிய பொருள். எங்கள் ஆலையில் அந்தக் காலத்து மோட்டார் ஒன்றுகூட இன்று ஓடவில்லை. அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பழுதானால் யார் சரிசெய்வது?
(செம்பனை ஆலையில் மின்பணியாளர்)

பதில்: சூரியத் தகடுகள் அங்கே பயன்படா. ஒவ்வொரு கலத்திலும் புளுட்டோனியம் 238 நிரப்பிய மூன்று மின்னாக்கிகள் இருக்கின்றன. அந்தத் தனிமம் சிதையும்போது வெளிவரும் வெப்பத்தை மின்சாரமாக மாற்றுகிறார்கள். சுழலும் உறுப்பு எதுவும் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். புறப்பட்டபோது 470 வாட் கிடைத்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய 4 வாட் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே கருவிகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார்கள். எல்லையைக் கடந்ததை நேராக அளந்தது என்று மேலே சொன்ன வாயேஜர் 2இன் பிளாஸ்மா கருவியை 2024 செப்டம்பரில் அணைத்தார்கள். அண்டக் கதிர் கூடியதை வாயேஜர் 1இல் அறிவித்த கருவியை 2025 பிப்ரவரியில் அணைத்தார்கள்.

ஒலிபரப்பியின் ஆற்றல் சுமார் 23 வாட். வீட்டு விளக்கு ஒன்றின் அளவு. அது 25 பில்லியன் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்து சேரும்போது, ஒரு வாட்டை ஒரு பில்லியனாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மீண்டும் ஒரு பில்லியனாகப் பிரித்தால் கிடைப்பதைவிடக் குறைவாக இருக்கிறது. அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆகிய மூன்று இடங்களிலுள்ள மாபெரும் அலைவாங்கிகள் அதைக் கேட்கின்றன. தென்வானில் போய்க்கொண்டிருக்கும் வாயேஜர் 2க்குக் கட்டளை அனுப்பக் கான்பெராவால் மட்டுமே முடியும்.

பழுது பார்த்த கதையும் உண்டு. 2023 நவம்பரில் வாயேஜர் 1 பொருளற்ற சமிக்ஞைகளை அனுப்பத் தொடங்கியது. நினைவகத்தில் ஒரு சில்லு கெட்டுப்போயிருந்தது என்பதைக் கண்டுபிடிக்கவே மாதங்கள் ஆயின. சில்லை மாற்ற முடியாது. அதிலிருந்த நிரலைப் பிடுங்கி வேறிடத்தில் வைக்கலாம் என்றால் அதை முழுதாகக் கொள்ளும் இடம் எங்கும் இல்லை. ஆகவே நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆங்காங்கே காலியாக இருந்த மூலைகளில் செருகி, துண்டுகள் ஒன்றையொன்று தேடிக் கண்டுகொள்ளும்படி திருத்தினார்கள். 2024 ஏப்ரல் 18ஆம் தேதி கட்டளை புறப்பட்டது. போக 22 மணி நேரத்துக்கு மேல், மறுமொழி வர அதே அளவு. ஏப்ரல் 20ஆம் தேதி கலம் மறுபடியும் ஒழுங்காகப் பேசியது. உங்கள் ஆலையில் பலகையைத் திறந்து கம்பியைத் தொட்டுப் பார்க்க முடிகிறது. அவர்களுக்கு ஒரு சோதனையின் முடிவு தெரியவே இரண்டு நாள்.

கேள்வி: எல்லையைப் பார்க்க ஒவ்வொரு முறையும் முப்பத்தைந்து ஆண்டு பயணம் போகத்தான் வேண்டுமா?
(இடைநிலைப்பள்ளி மாணவன்)

பதில்: இங்கிருந்தபடியே பார்க்கவும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். எல்லைப் பகுதியில் வேகமாகப் பறக்கும் புரோட்டான் ஒன்று, அங்கே மிதக்கும் ஹைட்ரஜன் அணுவிடமிருந்து அதன் எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்வது உண்டு. அந்த நொடியிலேயே புரோட்டான் மின்னேற்றம் இல்லாத அணுவாகிவிடுகிறது. மின்னேற்றம் போய்விட்டால் காந்தப்புலம் அதை வளைக்க முடியாது. கிளம்பிய திசையிலேயே நேர்க்கோட்டில் போகும். அப்படிப் போகிறவற்றில் சில நம் பக்கம் வருகின்றன. அவற்றை எண்ணி, எந்தத் திசையிலிருந்து எத்தனை வருகின்றன என்று குறித்தால் எல்லையின் படம் கிடைக்கும்.

2008 அக்டோபரில் பூமியைச் சுற்ற அனுப்பப்பட்ட ஐபெக்ஸ் என்ற சிறிய கலம் ஆறு மாதத்துக்கு ஒரு முழு வான்படம் என்ற கணக்கில் இப்படி வரைந்தது. 2009ஆம் ஆண்டு வெளியான அதன் முதல் படத்தில், எந்தக் கோட்பாடும் முன்கூட்டிச் சொல்லாத பளிச்சென்ற ஒரு நாடா வானத்தின் குறுக்கே வளைந்து கிடந்தது. இரண்டு வாயேஜர்களும் அந்த நாடாவின் இரு பக்கமாக அதைத் தொடாமல் போய்க்கொண்டிருந்தன. நேரில் போனவர் இரண்டு இடத்தை மட்டுமே பார்க்கிறார், தொலைவிலிருந்து பார்ப்பவர் முழுவதையும் மங்கலாகப் பார்க்கிறார். இரண்டும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. இதன் அடுத்த கட்டமாகப் பத்துக் கருவிகளுடன் ஐமேப் என்ற கலம் 2025 செப்டம்பர் 24ஆம் தேதி புறப்பட்டது. அதன் இடம் பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 1.5 மில்லியன் கிலோமீட்டர்.

இதனால் நமக்கு என்ன என்று உங்கள் அப்பா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பால்வீதியிலிருந்து வரும் அண்டக் கதிர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கை இந்தக் குமிழிதான் தடுத்து நிறுத்துகிறது. நிலவுக்கும் செவ்வாய்க்கும் மனிதரை அனுப்பத் திட்டமிடும்போது, அந்தத் தடுப்பு எப்போது வலுவாக இருக்கும், எப்போது மெலியும் என்று தெரிந்தாக வேண்டும்.

கேள்வி: "வாயேஜர் சூரியக் குடும்பத்தை விட்டு வெளியேறிவிட்டது" என்று மாணவர் எழுதினால் புள்ளி கொடுக்கலாமா?
(தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

பதில்: கொடுக்க வேண்டாம், பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள். அது வெளியேறியது சூரியக் காற்றின் குமிழியிலிருந்து. சூரியனின் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்ட வால்விண்மீன்களின் கூட்டமான ஊர்ட் மேகம் அதற்கும் வெகு தொலைவில் இருக்கிறது. விநாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நம் ஊரிலிருந்து ஈப்போவுக்கு இரண்டே விநாடி என்ற வேகத்தில் போகும் வாயேஜர் 1, அம்மேகத்தின் உள்விளிம்பைத் தொடவே ஏறக்குறைய 300 ஆண்டுகளும், அதைக் கடந்து முடிக்கச் சுமார் 30,000 ஆண்டுகளும் ஆகும். "விண்மீனிடை வெளிக்குள் நுழைந்துவிட்டது" என்று எழுதினால் முழுப் புள்ளி.

கேள்வி: அதில் வைத்த தங்கத் தட்டில் தமிழ் இருக்கிறதா?
(வாசகர் நால்வர் கேட்டது)

பதில்: இல்லை. 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. கன்னடம், தெலுங்கு, சிங்களம் இருக்கின்றன. "செலாமாட் மாலாம்" என்று தொடங்கும் இந்தோனேசிய வாழ்த்தும் இருக்கிறது. கார்ல் சேகன் தலைமையிலான குழு, குறுகிய காலத்தில், பெரும்பாலும் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் கிடைத்தவர்களைக் கொண்டு பதிவு செய்தது. எனக்கும் இது வருத்தம்தான்.

கேள்வி: நான் இரவு ஜாகா வேலை பார்க்கிறேன். விடிய விடிய வானம்தான் எனக்குத் துணை. அந்தக் கலங்கள் எந்தத் திசையில் போகின்றன என்று சொன்னால் பார்த்துக்கொண்டிருப்பேன்.
(தோட்டக் காவலாளி ஒருவர்)

பதில்: கலத்தை எந்தத் தொலைநோக்கியாலும் பார்க்க முடியாது, அண்ணே, ஆனால் திசையைக் காட்டிவிடலாம். ஆகஸ்டு மாத நடுவில் இரவு 9 மணியளவில் தெற்கு நோக்கி நின்று, விருச்சிகத்தின் நடுவில் சிவப்பாக மின்னும் கேட்டையைக் கண்டுபிடியுங்கள். கையை நீட்டிப் பிடித்து, கேட்டையிலிருந்து வடக்கே, சற்றுக் கிழக்காக இரண்டு சாண் அளந்தால் உங்கள் உச்சந்தலைக்கு மேலே வந்துவிடும். மிகப் பிரகாசமான விண்மீன் எதுவும் இல்லாத இடம் அது. வாயேஜர் 1 அந்தத் திசையில் இருக்கிறது.

இரண்டாவது கலத்துக்குச் செப்டம்பர் இறுதி வரை காத்திருங்கள். அதே நேரத்தில் நேர்த்தெற்கே, அடிவானிலிருந்து ஒன்றேகால் சாண் உயரத்தில் மயில் என்ற விண்மீன் கூட்டம் இருக்கும். வாயேஜர் 2 அந்தப் பக்கம். ஆலை விளக்குகளுக்கு முதுகு காட்டி, கண் இருட்டுக்குப் பழகும்வரை கால் மணி நேரம் நின்று பாருங்கள்.